மறுபடியும் எழுதப்போகும் பிள்ளையின் வீட்டாருக்கு

(மாணவர் வழிகாட்டி அமர்வில் நம் டிரஸ்டின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ மாணவியரே,

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் நீட் முடிவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். சிலருக்குப் பிளஸ் டூவிலேயே எதிர்பார்த்த மார்க் வரவில்லை. அவர்களிடம் பேசுவதற்கு முன்னால், அவர்களை அழைத்து வந்திருக்கும் உங்களிடம் பேச விரும்புகிறோம். அடுத்த ஒரு வருடம் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதை முடிவு செய்வது நீங்கள்தான். அந்த முடிவு பெரும்பாலும் ரிசல்ட் வந்த பத்து நாளைக்குள் எடுக்கப்பட்டுவிடுகிறது.

நம் ஊரில் ரிசல்ட் வந்த வாரத்தில் மூன்று பேர் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் வரன் கொண்டு வருவார். மாப்பிள்ளை ஓசூரில் வேலை, கேட்பது ஒன்றும் இல்லை என்பார். இன்னொருவர், பர்கூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஆள் எடுக்கிறார்கள், கம்பெனி பஸ் வாசலுக்கே வரும் என்பார். மூன்றாமவர் பெங்களூரில் தெரிந்த ஆள் இருக்கிறார், பணம் கட்டினால் சீட் வாங்கித் தருவார் என்று ஒரு போன் நம்பர் கொடுப்பார். முதல் இருவரும் நல்லெண்ணத்தில்தான் வருகிறார்கள். மூன்றாமவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

மூவருக்கும் நீங்கள் சொல்லக்கூடிய ஒரே பதில், ‘ஒரு மாதம் கழித்துச் சொல்கிறோம்’ என்பதுதான். அந்த ஒரு மாதத்தில் என்ன பார்க்க வேண்டும், எதைக் கணக்குப் போட வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு விவரம். நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021ல் தமிழக அரசிடம் அறிக்கை கொடுத்தது. 2016–17ல் இங்கே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020–21ல் அது 71.42 சதவீதம். அதாவது அந்த வருடம் வெள்ளைக் கோட்டு போட்ட பத்துப் பேரில் ஏழு பேர் ஏற்கெனவே ஒருமுறையாவது எழுதிச் சீட் கிடைக்காமல் திரும்பியவர்கள். உங்கள் மகள் முதல் முறையில் வராததை வைத்து ‘இவளுக்கு டாக்டர் படிப்பு எட்டாது’ என்று சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை.

இது நியாயமான ஏற்பாடா என்று கேட்டால், நியாயம் இல்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்து, லட்சம் ரூபாய் கோச்சிங்குக்குக் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் இது வசதி. அதனால்தான் தமிழக சட்டமன்றம் 2021லும், ஆளுநர் திருப்பி அனுப்பிய பின் 2022லும் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தப் போராட்டம் நடக்கட்டும், நாமும் அதில் சேர்ந்து நிற்போம். ஆனால் அது முடியும்வரை நம் பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

தேனி மாவட்டம் பெரியகுளம் பக்கத்தில் சில்வார்பட்டி என்று ஒரு கிராமம். அங்குள்ள அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளியில் படித்த ஜீவித்குமாரை நீங்கள் 2020ல் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆடு மேய்க்கும் குடும்பம். முதல் முறை நீட் எழுதியபோது 193 மார்க். மறுமுறை 664. அந்த வருடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தரவரிசையில் தமிழ்நாட்டிலேயே முதலிடம்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நாம் பிள்ளையைப் பார்த்து, ‘பார், ஆடு மேய்க்கிறவர் மகன் வாங்கியிருக்கான், உனக்கு என்ன குறை?’ என்கிறோம். அப்படிச் சொல்லுமுன் அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பள்ளி ஆசிரியர்கள் அவரைக் கைவிடவில்லை. நாமக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் தங்கிப் படித்தார். அந்தச் செலவை நல்ல மனம் கொண்ட வெளியாட்கள் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் ஒரு ஆள் கூலி குறையும் என்று தெரிந்தும் பெற்றோர் அவரை அனுப்பினார்கள். 193க்கும் 664க்கும் நடுவில் அவருடைய உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதோடு இடமும் நேரமும் பணமும் ஒரு வழிகாட்டும் ஆசிரியரும் இருந்தார்கள். இந்த நான்கில் எதையெல்லாம் நம் வீடும் நம் ஜமாஅத்தும் கொடுக்க முடியும் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் இருக்க முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறையில் அந்த மார்க்குக்குச் சீட் உறுதி. 2017ல் திடீரென்று நீட் வந்து, அதில் 86 மார்க். உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பிள்ளையை நாடு இழந்தது. அவர் படிப்பில் குறையே இல்லை. விதி நடுவழியில் மாறியது.

தாய்மார்களே, இது உங்களுக்கு. ரிசல்ட்டுக்குப் பிறகு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் ‘ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று விடாதீர்கள். ‘என்னால உங்களுக்குக் கஷ்டம்’, ‘நான் இல்லாம இருந்தா நல்லது’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்று இரவு அந்தப் பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். இது வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நினைக்காதீர்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போவது போல இதற்கும் போக வேண்டும். ரிசல்ட் நேரத்தில் அத்தை வீட்டு மகன் வாங்கிய மார்க்கைப் பேசுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நம் பகுதியில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம், பலருக்குத் தெரியும். பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய அப்பா வஃபாத் ஆகிவிட்டார். மாம்பழ சீசனில் லோடு ஓட்டி வீட்டைக் காப்பாற்றியவர். மய்யித் வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருக்க, அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்தாள். பொதுத் தேர்வில் தேறிவிட்டாள், நீட்டில் சீட்டுக்கு எட்டும் மார்க் வரவில்லை. கீழே இரண்டு தங்கைகள், ஒரு தம்பி. மூத்தவளுக்கு நிக்காஹ் முடித்துவிட்டால் பாரம் குறையும் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவளுடைய அம்மி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ‘என் இத்தா முடியட்டும், அதுக்கப்புறம் பேசிக்கலாம்.’ நான்கு மாதம் பத்து நாள். அந்த அவகாசத்தில் வீடு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. மாமா ஒருவர் அரிசி, பருப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். நன்னி, பிள்ளையைச் சமையல் வேலையிலிருந்து விடுவித்தார். இது சின்ன விஷயம் என்று ஆண்கள் நினைக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் வருடத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். இந்த வருடம் அவளுடைய மார்க் முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. சீட் கிடைக்குமா என்பது கவுன்சலிங்கில்தான் தெரியும். இன்று அவளும் வந்திருக்க வேண்டும், தம்பிக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது.

இனி, எல்லோருக்கும் ஒரே ஆலோசனையை நாங்கள் சொல்ல மாட்டோம். மார்க்கைப் பார்க்கும்போது ரேங்கையும் சேர்த்துப் பாருங்கள். 2025 மே 4ஆம் தேதி நடந்த தேர்வில் பிசிக்ஸ் மிகக் கடினமாக வந்தது. 2024ல் பொதுப் பிரிவில் தகுதி மதிப்பெண் 162, 2025ல் அதுவே 144. 2024ல் 720க்கு 720 வாங்கியவர்களே பலர் இருந்தார்கள், 2025ல் இந்தியாவின் முதல் மார்க்கே 686. வருடத்துக்கு வருடம் மார்க்கை மட்டும் ஒப்பிட்டால் நன்றாகப் படித்த பிள்ளையையே பின்னால் போய்விட்டதாக நினைத்துத் திட்டுவோம்.

அடுத்து, எந்தப் பாடம் காலை வாரியது என்று பாருங்கள். மொத்தம் 720ல் பயாலஜிக்கு 360, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் தலா 180. சரியான விடைக்கு நான்கு மார்க், தவறுக்கு ஒரு மார்க் போகும். பயாலஜியில் நல்ல மார்க் வாங்கி பிசிக்ஸில் விழுந்த பிள்ளைக்கு ஒரு வருடம் நல்ல பலன் தரும். மூன்றிலும் அடிப்படை இல்லாமல் வெறும் மனப்பாடத்தில் போன பிள்ளைக்கு, அதே கோச்சிங்கில் அதே நோட்டை மறுபடி கொடுத்தால் அதே மார்க்தான் வரும். அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எத்தனை வருடம் விடலாம் என்று கேட்பீர்கள். விதிப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2022ல் மேல் வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஒடிசாவில் ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெயகிஷோர் பிரதான் என்பவர் 2020ல் நீட் எழுதி, 64 வயதில் புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கேட்கச் சந்தோஷமான செய்தி. ஆனால் அவருக்குப் பென்ஷன் வந்தது, நம் பிள்ளைகளுக்கு வராது. ஆகவே எங்கள் கருத்து இது: இரண்டாம் முறைக்கு வீடு முழு மனதோடு துணை நிற்க வேண்டும். மூன்றாம் முறை என்றால், இரண்டாவதில் மார்க் தெளிவாக ஏறியிருக்க வேண்டும், சீட்டுக்குக் கொஞ்சம் தூரம்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதட்டும். இதில் எங்களோடு உடன்படாதவர்கள் கமிட்டியிலேயே இருக்கிறார்கள்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறார்கள். அதற்காக ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. துணைத் தேர்வு ஒன்றிரண்டு மாதத்திலேயே வந்துவிடும். பணம் கட்டக் கடைசித் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.

அடுத்து வருவது நம் எல்லையோர மாவட்டத்துக்கே உரிய விஷயம். இதில்தான் பல குடும்பங்கள் தெரியாமலே இழக்கின்றன.

2020ல் தமிழக அரசு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடம் வரை எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒற்றை இலக்கத்தில் எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே எம்.பி.பி.எஸ்.ஸில் 313 இடம், பல் மருத்துவத்தில் 92 இடம் என்று அரசு ஒதுக்கியது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இதில் சேர ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. நம்மவர்கள் நடத்தும் உதவி பெறும் பள்ளி நல்ல பள்ளிதான், ஆனால் மத்தூர் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் அங்கே மாற்றுமுன் இந்தக் கணக்கையும் பாருங்கள்.

இன்னொன்று பெங்களூர். நம் ஆட்கள் பிழைப்புக்கு அங்கே போவதும் வருவதும் வழக்கம். ஏழாம் வகுப்பு ஒரு வருடம் சிவாஜிநகரில், பிறகு ஊருக்குத் திரும்பி அரசுப் பள்ளியில் என்றால், அந்த ஒரு வருடத்தால் 7.5 போய்விடும். மாநிலப் பொது இடங்களுக்குக்கூட நேட்டிவிட்டி சான்றும் பெற்றோர் ஆவணங்களும் காட்ட வேண்டி வரும். வேலைக்கு அப்பா மட்டும் போய், பிள்ளையை நன்னி வீட்டில் விட முடியுமா என்று யோசியுங்கள்.

மறுமுறை எழுதினால் 7.5 கிடைக்காது என்று ஒரு பேச்சு ஊரில் சுற்றுகிறது. அது தவறு. ஜீவித்குமார் மறுமுறை எழுதித்தான் அந்த ஒதுக்கீட்டில் முதலிடம் வந்தார். தனியார் கோச்சிங்கில் படித்தாலும் சலுகை போகாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 நவம்பரில் இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்துக்குப் பயந்து சில பிள்ளைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. இன்றும் அந்த ஏற்பாடு இருக்கிறது. கட்டணம் என்ன என்று விசாரிக்காமல் எந்த இடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நமக்கு 2007லிருந்து பி.சி.எம். 3.5 சதவீதம் இருக்கிறது. சாதிச் சான்றில் வெறும் ‘முஸ்லிம்’ என்று இருந்தால் போதாது. அரசுப் பட்டியலில் உள்ள பெயர்கள் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். இவற்றில் ஒன்று, பெற்றோர் சான்றோடு ஒத்துப்போகும்படி இருக்க வேண்டும். பள்ளி டி.சி.யில் ஒன்று, ஆதாரில் ஒன்று, சான்றில் ஒன்று என்று பேரின் எழுத்து மாறியிருந்தால் இப்போதே இ-சேவை மையத்திலும் போச்சம்பள்ளி தாலுகா ஆபீசிலும் சரி செய்யுங்கள். கவுன்சலிங் வந்தபின் ஓடினால் நேரம் இருக்காது.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறோம். போலுப்பள்ளியில் உள்ள நம் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியை 2022 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே 150 இடம். அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம் போக மீதி சுமார் 127. அதில் 3.5 சதவீதம் என்றால் நான்கைந்து இடம்தான். அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீதம் ஒன்பது அல்லது பத்து. பொதுப் பிரிவிலும் நம் பிள்ளைகள் போட்டியிடலாம், மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனாலும் இடம் குறைவு, எழுதுபவர்கள் அதிகம். அதனால் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது விருப்பம் வைப்பதில் தவறில்லை. பல் மருத்துவம், சித்தா, ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் இதே நீட்தான். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் உருது பேசும், பள்ளியில் உருது படித்த நம் பிள்ளைகள் அதைப் பற்றி விசாரிப்பதே இல்லை என்பது எங்களுக்கு ஆச்சரியம்.

இப்போது அந்த மூன்றாம் ஆள். இன்று இந்தியாவில் தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நிர்வாக ஒதுக்கீடு, என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு எதுவானாலும் நீட் தகுதியும் கவுன்சலிங்கும் இல்லாமல் எம்.பி.பி.எஸ். சேர முடியாது. ‘உள்ளே ஆள் இருக்கு, முன்பணம் கட்டுங்க’ என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் நிலத்தையும் நகையையும் பார்த்துப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போவதற்கும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021 விதிப்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். திரும்பி வந்து எழுதும் தேர்வில் தேறுபவர்கள் பெரும்பாலான முறைகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தெரிந்து போனால் போங்கள். கடன் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம்.

மறுமுறை எழுதும் பிள்ளைகளுக்கு இரண்டே வார்த்தை. தமிழில் தேர்வு எழுதுபவர்கள் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலக் கேள்வியையும் படியுங்கள். 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், 196 மார்க் தர மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே முடிவு என்பது விதி. ஆகவே ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள். ஹிஜாப் அணியும் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம், அணிந்தே எழுதலாம். சோதனைக்காக முன்கூட்டியே வரச் சொல்லி ஹால் டிக்கெட்டோடு அறிவிப்பு இருக்கும். அந்த நேரத்துக்குப் போய்விடுங்கள். துணியில் உலோகப் பின் குத்தாமல் போங்கள்.

டிரஸ்ட் சார்பில் மக்தபின் மேல்மாடியைப் படிக்கும் அறையாக விட்டிருக்கிறோம். ஃபஜ்ருக்குப் பின் மக்தப் தொடங்கும் வரையும், மாலை மக்தப் முடிந்ததிலிருந்து இரவு பத்து மணி வரையும் விளக்கும் ஃபேனும் இருக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பின்பக்கப் படிக்கட்டும் தனி அறையும் உண்டு, தாய்மார்கள் முறை வைத்து உடன் இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். கோச்சிங் கட்டணத்துக்கு உதவி கேட்பவர்கள் வெட்கப்படாமல் எழுதிக் கொடுங்கள், பெயர் கமிட்டியைத் தாண்டி வெளியே போகாது. வசதி உள்ளவர்கள் இந்த ரமலானில் ஜகாத் கணக்குப் போடும்போது, படிப்புச் செலவுக்கு வழியில்லாத ஒரு பிள்ளையையும் நினைவில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் சான்றிதழ் சரிபார்க்க உட்காருகிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் விவரம், டி.சி., சாதிச் சான்று, ஆதார், நீட் மார்க் தாள், எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும் கொண்டு வாருங்கள். முக்கியமாக, பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். போன முறை அப்பாக்கள் மட்டுமே வந்தார்கள்.

வஸ்ஸலாம்.